வெப்பம் எங்கே போகிறது? துபாயில் ஒரு விடுமுறைப் பாடம்

ஓர் ஊர் தோன்றுவதற்கு முதலில் என்ன வேண்டும்? தண்ணீர் வேண்டும் என்று எவரும் சொல்லிவிடுவர். காவிரிக் கரையில் திருச்சி, வைகைக் கரையில் மதுரை, நைல் கரையில் கெய்ரோ என்று உலகின் பழைய நகரங்கள் பலவும் ஆற்றை ஒட்டியே எழுந்தன.

ஐக்கிய அரபு அமீரகத்திலுள்ள துபாய் நகருக்கு இந்த இலக்கணம் பொருந்தாது. அங்கே ஆறு இல்லை. ஏரிப் பாசனம் இல்லை. ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான். சென்னையில் இது 1,400 மில்லிமீட்டர். கோடையில் பகல் வெப்பநிலை 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது அன்றாட நிகழ்ச்சி. ஆயினும் அந்நகரில் 35 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். 2024-ஆம் ஆண்டில் மட்டும் அங்கே சென்று தங்கிய பயணிகள் ஏறத்தாழ 1 கோடியே 87 இலட்சம் பேர். 828 மீட்டர் உயரமுள்ள கட்டடமும், பாலைவனத்தின் நடுவே பனிச்சறுக்கு விளையாட்டும் அவர்களுக்கு வியப்பூட்டுகின்றன.

முதன்முறையாக விடுமுறைக்குச் செல்லும் ஒருவர் இவற்றையெல்லாம் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பலாம். ஆனால் அறிவியல் மாணவர் ஒருவர் சென்றால் அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இவ்வளவு குளிர்ச்சியும் எங்கிருந்து வருகிறது? அங்கே இருந்த வெப்பம் எங்கே போகிறது? இக்கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்நகரை ஒரு சுற்றுச் சுற்றி வருவோம்.

கடிகாரமும் கதிரவனும்

சென்னையிலிருந்து துபாய்க்கு விமானத்தில் ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். காலை 10 மணிக்குப் புறப்பட்டால் அங்கே பகல் 12.30-க்கு இறங்கலாம். இடையில் ஒன்றரை மணி நேரம் என்னவாயிற்று? இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. அமீரக நேரம் 60 டிகிரி தீர்க்கரேகையைக் கொண்டது. வேறுபாடு 22.5 டிகிரி. பூமி ஒரு டிகிரி சுழல 4 நிமிடம் ஆகும். 22.5 × 4 = 90 நிமிடம்.

துபாய் நகரமோ 60 டிகிரியில் இல்லை. அதற்கும் மேற்கே 55.3 டிகிரியில் இருக்கிறது. எனவே கதிரவன் அங்கே உச்சிக்கு வரும்போது கடிகாரம் 12 மணியைக் காட்டாது, 12.20 அளவில் காட்டும். இந்தச் சிறு கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் உதவும்.

நகரின் அட்சரேகை 25.2 டிகிரி வடக்கு. அதாவது கடக ரேகைக்குச் சற்றே வடக்கில். ஜூன் 21-ஆம் நாள் நண்பகலில் கதிரவன் தலைக்கு நேர் மேலிருந்து 2 டிகிரிக்கும் குறைவாகவே சாய்ந்திருக்கும். நின்றால் நம் நிழல் காலடியிலேயே ஒடுங்கிவிடும். மேகம் அரிது; கதிர்கள் செங்குத்தாக விழுகின்றன; மணல் அவற்றை வாங்கிச் சூடேறுகிறது. பகலில் இவ்வளவு வெப்பம் வந்து சேர்வதற்கு இவையே காரணம்.

மூக்குக் கண்ணாடியில் மூடுபனி

விமான நிலையத்துக்குள் 24 டிகிரி, இதமாக இருக்கிறது. கதவு திறக்கிறது, வெளியே கால் வைத்தவுடன் மூக்குக் கண்ணாடி வெள்ளையாகிவிடுகிறது. ஒளிப்படக் கருவியின் வில்லையும் அப்படியே. நம் ஊரில் குளிர்ந்த சோடா பாட்டிலின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? இதுவும் அதே நிகழ்ச்சிதான்.

பாலைவனம் என்றால் காற்று உலர்ந்திருக்கும் என்று எண்ணுகிறோம். துபாயின் உட்பகுதியில் அது உண்மை. ஆனால் நகரம் பாரசீக வளைகுடாவின் கரையில் இருக்கிறது. இக்கடல் ஆழமற்றது; சராசரி ஆழம் 35 மீட்டர் அளவுதான். ஆழமற்ற நீர் விரைவில் சூடேறும், மிகுதியாக ஆவியாகும். ஆகவே கோடையில் கடற்கரைக் காற்று நீராவியைச் சுமந்து நிற்கிறது.

35 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிக அளவாக ஏறத்தாழ 40 கிராம் நீராவியைத் தாங்கும். ஒப்பு ஈரப்பதம் 70 விழுக்காடு என்றால் அதில் 28 கிராம் இருக்கிறது என்று பொருள். இக்காற்று 24 டிகிரிக்குக் குளிர்ந்தால் 22 கிராமை மட்டுமே தாங்க இயலும். எஞ்சிய 6 கிராம் நீர்த்துளியாகப் படிய வேண்டியதுதான். குளிர்ந்த மூக்குக் கண்ணாடி அதற்கு இடம் கொடுக்கிறது.

இது வெறும் வேடிக்கை அன்று. 4 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம் உள்ள ஓர் அறையில் 60 கன மீட்டர் காற்று இருக்கும். அதை 35-லிருந்து 24 டிகிரிக்குக் கொண்டுவரும்போது 360 கிராம் நீர் வடியும். நீராவி நீராகும்போது கிராமுக்கு ஏறத்தாழ 2.4 கிலோ ஜூல் உள்ளுறை வெப்பத்தை வெளிவிடும். ஆக 864 கிலோ ஜூல். அறையிலுள்ள ஏறத்தாழ 69 கிலோ காற்றை 11 டிகிரி குளிர்விக்க வேண்டியதோ 760 கிலோ ஜூல்தான். காற்றைக் குளிர்விப்பதைவிட அதிலுள்ள ஈரத்தைப் பிழிந்தெடுப்பதற்கே குளிர்சாதனம் அதிகமாக உழைக்கிறது! சென்னை, நாகப்பட்டினம் போன்ற நம் கடற்கரை ஊர்களுக்கும் இது பொருந்தும்.

வியர்வை என்னும் இயந்திரம்

நம் உடல் எந்நேரமும் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறார். பளு தூக்கி வேலை செய்பவர் 400 வாட் வரை வெளிவிடுவார். இந்த வெப்பம் வெளியே போயாக வேண்டும். இல்லையேல் உடல் வெப்பநிலை உயரும்.

சுற்றியுள்ள காற்று தோலைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் வெப்பம் தானாகவே வெளியேறும். காற்று 40 டிகிரியில் இருக்கும்போது வெப்பம் எதிர்த் திசையில், காற்றிலிருந்து உடலுக்குப் பாயும். அப்போது நம்மைக் காப்பது வியர்வை ஒன்றே. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 கிலோ ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. 400 வாட் வெப்பத்தை வெளியேற்ற மணிக்கு 0.6 லிட்டர் வியர்வை ஆவியாக வேண்டும்.

ஆவியாக வேண்டும் என்பதைக் கவனியுங்கள். சொட்டி விழும் வியர்வையால் பயன் இல்லை. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாது. உடலில் வழிந்து கீழே விழும். ஆகவே வெப்பநிலைமானி காட்டும் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. குமிழைச் சுற்றி ஈரத்துணி கட்டிய வெப்பநிலைமானி என்ன காட்டுகிறது என்றும் பார்க்க வேண்டும். இதனை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பர். ஆவியாதலால் எவ்வளவு தூரம் குளிர முடியும் என்பதை அது காட்டுகிறது.

உட்பகுதிப் பாலைவனத்தில் 45 டிகிரி வெப்பமும் 20 விழுக்காடு ஈரப்பதமும் இருப்பதாகக் கொள்வோம். ஈரக்குமிழ் ஏறத்தாழ 25 டிகிரி காட்டும். கடற்கரையில் 35 டிகிரி வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் ஈரக்குமிழ் 30 டிகிரி காட்டும். பத்து டிகிரி குறைந்த கடற்கரையிலேதான் உடலுக்குத் தொல்லை அதிகம்!

ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியை எட்டினால், நிழலில் ஆடையின்றிச் சும்மா இருப்பவருடைய உடலும் வெப்பத்தை இழக்க இயலாது. அண்மை ஆண்டுகளில் நடந்த சோதனைகள், இதைவிடப் பல டிகிரி குறைவான நிலையிலேயே உடல் தடுமாறத் தொடங்குவதைக் காட்டியுள்ளன. 35 டிகிரி ஈரக்குமிழ் வெப்பநிலையைச் சிறிது நேரமேனும் நெருங்கியதாகப் பதிவான மிகச் சில இடங்களில் பாரசீக வளைகுடாக் கரையும் ஒன்று.

காற்றைப் பிடித்த கோபுரங்கள்

மின்சாரம் வருமுன் இங்கே மக்கள் எப்படி வாழ்ந்தனர்? அதற்கு விடை பழைய துபாயில் இருக்கிறது. நகரின் நடுவே கடல் ஒரு கழியாக உள்ளே நுழைந்திருக்கிறது. பார்ப்பதற்கு ஆறுபோல் தோன்றினாலும் அது உப்புநீர். அதன் கரையில்தான் மீன்பிடிப்போரும் முத்துக்குளிப்போரும் வணிகரும் குடியேறினர். 'அப்ரா' என்னும் சிறு படகுகள் இன்றும் பயணிகளை அக்கரைக்கு ஏற்றிச் செல்கின்றன.

கழியின் கரையிலுள்ள அல் ஃபாஹிதி பகுதியில் பழைய வீடுகள் பாதுகாக்கப்பட்டுள்ளன. ஈரானிலுள்ள பஸ்தக் பகுதியிலிருந்து வந்த வணிகர்கள் கட்டியவை பல. பவளப்பாறைக் கற்களாலான தடித்த சுவர்கள். ஒருவர்மீது ஒருவர் நிழல் விழும்படி நெருங்கிய சந்துகள். ஒவ்வொரு வீட்டின் நடுவிலும் முற்றம். கூரைக்கு மேலே சதுரமான ஒரு கோபுரம் எழுந்து நிற்கும். அதன் பெயர் 'பர்ஜீல்'. காற்றுக் கோபுரம் எனலாம்.

கோபுரத்தின் நான்கு பக்கமும் திறந்திருக்கும். உள்ளே பெருக்கல் குறிபோல் குறுக்குச் சுவர் உண்டு. தரையருகே வீசுவதைவிட உயரத்தில் காற்று வேகமாக வீசும். எத்திசையிலிருந்து வந்தாலும் குறுக்குச் சுவரில் மோதி அறைக்குள் இறங்கும். எதிர்ப் பக்கத்து வழியாக உள்ளேயுள்ள சூடான காற்று மேலேறி வெளியேறும். காற்று அசையாத நாளில் கோபுரம் புகைபோக்கி போலச் செயல்படும்.

இதனால் அறையின் வெப்பநிலை பெரிதும் குறைந்துவிடுவதில்லை. அசையும் காற்று வியர்வையை விரைந்து ஆவியாக்குகிறது, அவ்வளவே. செலவிட்ட மின்சாரம் சுழி. ஆனால் அது தரக்கூடிய சுகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஈரம் மிகுந்த ஆகஸ்டு மாதத்தில் வசதியுள்ளோர் பலர் கடற்கரையை விட்டு உட்பகுதிச் சோலைகளுக்குச் சென்றுவிடுவர்.

குளிர்ச்சியை உண்டாக்க முடியுமா?

துபாயை அண்டிய கடலில் 1966-ஆம் ஆண்டு எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. 1971 டிசம்பர் 2-ஆம் நாள் அமீரகம் தனி நாடாயிற்று. எண்ணெயும் இயற்கை எரிவாயுவும் மலிவான ஆற்றலைத் தந்தன. காற்றுக் கோபுரம் போய்க் குளிர்சாதனம் வந்தது. இன்று விமான நிலையம், கடை, வீடு, பேருந்து நிறுத்தங்கள் பல ஆகியன குளிரூட்டப்பட்டவை. 2009-ஆம் ஆண்டில் தொடங்கிய ஓட்டுநர் இல்லாத மெட்ரோ ரயிலின் நிலையங்களில், தண்டவாளத்தின் ஓரமாகக் கண்ணாடிக் கதவுகள் உள்ளன. பயணிகளைக் காப்பதோடு, குளிர்ந்த காற்று வெளியேறாமலும் அவை தடுக்கின்றன.

இங்கே ஓர் அடிப்படை உண்மையைத் தெளிவாக்கிக்கொள்வோம். குளிர்ச்சி என்று ஒரு பொருள் இல்லை. எந்த இயந்திரமும் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. அது ஓர் இடத்திலுள்ள வெப்பத்தை வாரி எடுத்து வேறோர் இடத்தில் கொட்டுகிறது. குளிர்விப்பான் திரவம் அறைக்குள் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சும். வெளியே அழுத்தப்பட்டு மீண்டும் திரவமாகி அவ்வெப்பத்தை விடும். நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானே ஓடும். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏற்ற இறைக்க வேண்டும். வெப்பமும் அப்படியே. குளிர்ந்த அறையிலிருந்து சூடான வெளிக்கு அதை ஏற்ற வேலை செய்தாக வேண்டும். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி சொல்வது இதுவே.

எவ்வளவு வேலை? செயல்திறன் குணகம் என்னும் எண் அதைக் காட்டும். குறையே இல்லாத இலட்சிய இயந்திரத்துக்கு, உள் வெப்பநிலையை (கெல்வினில்) உள், வெளி வெப்பநிலைகளின் வேறுபாட்டால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். வெளியே 44 டிகிரி (317 கெல்வின்), உள்ளே 24 டிகிரி (297 கெல்வின்) என்றால் 297 ÷ 20, ஏறத்தாழ 15.

இப்போது பனிச்சறுக்கு மண்டபத்துக்கு வருவோம். 2005-ஆம் ஆண்டில் ஒரு பெரிய வணிக வளாகத்துக்குள் திறக்கப்பட்ட அம்மண்டபத்தில் வெப்பநிலை உறைநிலைக்குச் சற்றுக் கீழே வைக்கப்படுகிறது. -2 டிகிரி (271 கெல்வின்) என்று கொண்டால், 271 ÷ 46, ஏறத்தாழ 6. அதாவது ஒரே அளவு வெப்பத்தை வெளியேற்றச் சாதாரண அறையைப்போல் இரண்டரை மடங்கு வேலை வேண்டும். தடித்த வெப்பக் காப்புச் சுவர்கள் உள்ளே நுழையும் வெப்பத்தைக் குறைப்பதால்தான் இது சாத்தியமாகிறது. காபியைச் சூடாக வைக்கும் பிளாஸ்க்கும் இம்மண்டபமும் ஒரே கொள்கையில் அமைந்தவையே.

உண்மையான இயந்திரங்களின் குணகம் இதைவிட மிகக் குறைவு; 3 என்று வைத்துக்கொள்ளலாம். அறையிலிருந்து 3 பங்கு வெப்பத்தை எடுக்க 1 பங்கு மின்னாற்றல் செலவாகும். அந்த ஒரு பங்கும் இறுதியில் வெப்பமாகும். ஆக வெளியே கொட்டப்படுவது 4 பங்கு.

இச்செலவைக் குறைக்கத் துபாயில் ஒரு வழி கையாளப்படுகிறது. பல கட்டடங்களுக்குப் பொதுவாக ஒரு பெரிய குளிர் நிலையம் அமைத்து, ஏறத்தாழ 5 டிகிரிக்குக் குளிர்ந்த நீரைக் குழாய்கள் வழியாக ஒவ்வொரு கட்டடத்துக்கும் அனுப்புகின்றனர். வீட்டுக்கு ஒரு சிறு இயந்திரம் வைப்பதைவிட இதில் மின்சாரம் கணிசமாக மிச்சமாகிறது. 2010 ஜனவரியில் திறக்கப்பட்ட புர்ஜ் கலீஃபா என்னும் 828 மீட்டர் கட்டடத்தில் இன்னொரு சிக்கனமும் உண்டு. குளிர்சாதனங்களில் வடியும் நீரை வீணாக்காமல் தொட்டியில் சேர்த்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சுகின்றனர். ஆண்டுக்கு ஏறத்தாழ 5 கோடி லிட்டருக்கு மேல் கிடைக்கிறது! மூக்குக் கண்ணாடியில் படிந்த அதே ஈரந்தான் இவ்வளவு நீராயிற்று.

வெந்நீர்க் குழாயில் தண்ணீர்

துபாயில் உறவினர் வீட்டில் தங்குவோர் ஆகஸ்டு மாதத்தில் ஒரு விந்தையைக் காணலாம். தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கை சுடும். மொட்டை மாடியிலுள்ள தொட்டி பகலெல்லாம் வெயிலில் காய்கிறது அல்லவா? அங்கு வாழ்வோர் ஒரு தந்திரம் செய்கின்றனர். குளியலறை கீசரின் மின்சாரத்தை நிறுத்திவிடுவர். அதன் தொட்டி வீட்டுக்குள் இருப்பதால் அதில் தங்கும் நீர் குளிரூட்டிய அறையின் வெப்பநிலைக்கு மெல்ல இறங்கும். எனவே தண்ணீர்க் குழாயில் வெந்நீரும் வெந்நீர்க் குழாயில் தண்ணீரும் வரும்! பெரிய விடுதிகளில் நீச்சல் குளத்து நீரையும் கோடையில் குளிர்விக்கின்றனர்.

அந்தக் குழாய்க்கு நீர் எங்கிருந்து வருகிறது? கடலிலிருந்து. சாதாரணக் கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு உண்டு. பாரசீக வளைகுடாவில் 40 கிராம் அல்லது அதற்கும் மேல். இதைக் குடிநீராக்க இரு வழிகள் உள்ளன.

முதல் வழி காய்ச்சி வடித்தல். ஆயிரம் லிட்டர் நீரைக் கொதிக்க வைத்து முழுவதும் ஆவியாக்க ஏறத்தாழ 700 யூனிட் ஆற்றல் வேண்டும். எந்த நகருக்கும் இது கட்டுப்படியாகாது. எனவே பொறியாளர்கள் இரண்டு உபாயங்களைக் கையாண்டனர். அனல்மின் நிலையத்தில் வீணாகும் நீராவியின் வெப்பத்தைப் பயன்படுத்தினர். அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்த பல அறைகளில் சூடான கடல்நீரைச் செலுத்தினர். அழுத்தம் ஐந்தில் ஒன்றாகக் குறைந்தால் நீர் 60 டிகிரியிலேயே கொதிக்கும். ஓர் அறையின் ஆவி குளிர்ந்து நீராகும்போது விடும் உள்ளுறை வெப்பம், உள்ளே வரும் கடல்நீரைச் சூடாக்கப் பயன்படும். வெப்பத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதே இதன் இரகசியம். ஜெபல் அலி என்னுமிடத்தில் மின்சாரமும் நன்னீரும் இவ்வாறு சேர்ந்தே உற்பத்தியாகின்றன.

இரண்டாம் வழி எதிர்ச் சவ்வூடு பரவல். உப்பை விடாமல் நீரை மட்டும் விடும் சவ்வின் ஒரு பக்கத்தில் கடல்நீரை 60, 70 வளிமண்டல அழுத்தத்தில் தள்ளினால் மறுபக்கத்தில் நன்னீர் ஊறும். நீரைக் கொதிக்க வைக்கத் தேவையில்லை. ஆயிரம் லிட்டருக்கு 3 அல்லது 4 யூனிட் மின்சாரம் போதும். இதனால் புதிய நிலையங்களில் இம்முறையே பரவி வருகிறது. 2010-இல் மீஞ்சூரிலும் 2013-இல் நெம்மேலியிலும் தொடங்கப்பட்ட நிலையங்கள் இம்முறையில்தான் சென்னைக்கு நீர் தருகின்றன.

இரண்டு வழியிலும் உப்பு மிகுந்த கழிவுநீர் மிஞ்சும். அது மீண்டும் கடலுக்கே போகிறது. ஆழமற்ற வளைகுடாவில் உப்பும் வெப்பமும் கூடினால் மீனுக்கும் பவளத்துக்கும் துன்பம். இதுவும் கணக்கில் சேர வேண்டிய செலவே.

கணக்கு முடிப்போம்

இப்போது முதற் கேள்விக்கு விடை காணலாம். ஒரு யூனிட் மின்சாரம் பெற ஏறத்தாழ இரண்டு யூனிட் அளவு எரிவாயு எரிய வேண்டும் என்று கொள்வோம். ஒன்று மின்சாரமாகும்; மற்றொன்று நிலையத்தின் வெப்பக் கழிவாகக் கடலுக்கும் காற்றுக்கும் போகும். ஆக, அறையிலிருந்து 3 பங்கு வெப்பத்தை நீக்கும்போது வெளியுலகுக்கு மொத்தம் 5 பங்கு போய்ச் சேர்கிறது. உள்ளே குளிரக் குளிர வெளியே சூடாகிறது. கட்டடமும் தாரும் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் வெளிவிட, ஜூலை, ஆகஸ்டு இரவுகளிலும் வெப்பநிலை 30 டிகிரி அளவிலேயே நிற்கிறது.

இதோடு எரிவாயு எரிந்ததால் உண்டான கரியமில வாயு காற்றில் தங்கிவிடும். அது பூமியின் வெப்பத்தை வெளியேற விடாமல் தடுக்கும் போர்வை. காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். மழை பெய்தால் கொட்டும். 2024 ஏப்ரல் 16-ஆம் நாளன்று அமீரகத்தின் அல் அய்ன் பகுதியில் ஓரிடத்தில் 24 மணி நேரத்துக்குள் 254 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. 75 ஆண்டுகளில் காணாத மழை அது. துபாயின் சாலைகளும் விமான நிலையமும் நீரில் மூழ்கின.

இதை அந்நாட்டார் அறியாதவர் அல்லர். துபாய்க்குத் தெற்கே பாலைவனத்தில் 2013-இல் 13 மெகாவாட்டுடன் தொடங்கிய சூரிய மின் பூங்கா இன்று ஆயிரக்கணக்கான மெகாவாட் அளவுக்கு வளர்ந்துள்ளது. அபுதாபி அமீரகத்தின் பராக்கா அணுமின் நிலையத்தில் நான்கு உலைகள் இயங்குகின்றன. நாட்டின் மின்தேவையில் ஏறத்தாழ கால் பங்கை அவை நிறைவு செய்கின்றன. 2023 டிசம்பரில் துபாயில் கூடிய ஐ.நா. காலநிலை மாநாட்டில்தான், நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை விட்டு மெல்ல விலகிச் செல்ல வேண்டும் என்று உலக நாடுகள் ஒப்புக்கொண்டன.

நண்பகல் 12.30

கணக்கில் விடுபட்ட வரி ஒன்று இருக்கிறது. குளிரூட்டிய ரயிலின் சன்னல் வழியாகப் பார்க்கும் பயணிக்கு, கட்டுமானத் தளங்களில் தலைக்கவசம் அணிந்து வேலை செய்யும் மனிதர்கள் தென்படுவர். அந்நகரைக் கட்டியவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டார். இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், நேபாளம் ஆகிய நாடுகளிலிருந்து சென்றவர்கள். தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து சென்றோரும் அவர்களுள் பலர். இதைப் படிக்கும் உங்களில் சிலருடைய தந்தையோ அண்ணனோ மாமாவோ அங்கே இருக்கக்கூடும்.

60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 210 கிலோ ஜூல் போதும். அவர் உண்டாக்கும் 400 வாட் வெப்பத்தில் 250 வாட் வெளியேற முடியாமல் தங்கிவிட்டால் என்ன ஆகும்? 2,10,000 ஜூலை 250-ஆல் வகுத்தால் 840 விநாடி. அதாவது 14 நிமிடத்தில் ஒரு டிகிரி ஏறும். உடலின் உள் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டுவது வெப்பவாத நோய், உயிருக்கே ஆபத்து. ஆண்டுக்கணக்கில் நீர் வற்றிய உடலோடு உழைப்பவரின் சிறுநீரகமும் பழுதுபடும்.

ஆகவே அமீரகத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்குவது சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது. கதிரவன் 12.20 அளவில் உச்சிக்கு வருகிறது என்று முன்பு கண்டோம். நிலமும் காற்றும் மேலும் சூடேறும் நேரம் அதற்குப் பிறகுதான். எனவே இந்நேரம் நன்கு தேர்ந்தெடுக்கப்பட்டதே. ஆனால் காலை பத்து மணியிலும் மாலை நான்கு மணியிலும் ஈரக்குமிழ் வெப்பநிலை உயர்ந்தே இருக்கலாம். கடிகாரத்தோடு ஈரக்குமிழையும் பார்த்து ஓய்வு கொடுப்பதே உடற்கூற்றுக்குப் பொருந்தும். நிழல், குடிநீர், ஓய்வு ஆகிய மூன்றும் எந்த இயந்திரத்தையும்விட மலிவானவை; உயிர் காப்பவை.

செல்வோர்க்குச் சில குறிப்புகள்

நவம்பர் முதல் மார்ச் வரை சுற்றிப் பார்க்க ஏற்ற காலம். கோடையில் சென்றால் வெளி வேலைகளைக் காலையிலும் மாலையிலும் வைத்துக்கொள்ளுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நீர் அருந்துங்கள். நிறுத்திய காருக்குள் குழந்தையையோ முதியவரையோ ஒரு நிமிடமும் விட்டுச் செல்லலாகாது. ஒளிப்படக் கருவியைப் பையிலிருந்து எடுக்குமுன் வெளிக் காற்றின் வெப்பநிலைக்கு வரவிடுங்கள்.

ஒருவர் தலைசுற்றி, பேச்சுக் குழறி, உடல் கொதிக்க விழுந்தால் உடனே மருத்துவ உதவிக்குச் சொல்லி அனுப்பி, அவரை நிழலுக்குக் கொண்டு செல்லுங்கள். ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு இல்லாதவருக்கு வாயில் நீர் புகட்டக் கூடாது. மே மாதத்தில் நம் ஊரிலும் இந்த அறிவு பயன்படும்.

செய்து பாருங்கள்

ஒரே மாதிரியான இரண்டு வெப்பநிலைமானிகளை நிழலில் தொங்க விடுங்கள். ஒன்றின் குமிழில் பருத்தித் துணியைச் சுற்றி, துணியின் முனையை நீருள்ள சிறு குப்பியில் அமிழ்த்துங்கள். பத்து நிமிடம் விசிறிய பின் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். காலை, நண்பகல், மாலை என ஒரு வாரம் குறித்து வாருங்கள். வேறுபாடு குறைந்த நேரத்தில் உங்கள் உடலுக்கு எப்படி இருந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

சிந்தியுங்கள்

1. சமையலறையைக் குளிர்விக்கக் குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்தார் ஒருவர். சிறிது நேரத்தில் சமையலறை குளிருமா, சூடேறுமா? ஏன்?

2. மண்பானை நீர் மதுரையில் நன்கு குளிர்கிறது. கடற்கரை ஊரில் அவ்வளவு குளிர்வதில்லை. காரணம் என்ன?

3. அறையின் வெப்பநிலையை 20-க்குப் பதில் 26 டிகிரியில் வைத்தால், வெளியே 44 டிகிரி இருக்கும்போது இலட்சிய இயந்திரத்தின் செயல்திறன் குணகம் எவ்வளவு கூடும்?

4. உங்கள் ஊரில் நண்பகலில் திறந்த வெயிலில் உழைப்பவர் யார் யார்? அவர்களுக்கு நிழலும் குடிநீரும் எவ்வளவு தொலைவில் இருக்கின்றன? அளந்து எழுதுங்கள்.